உஷார்! வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆபத்து

உங்கள் நண்பருக்கோ, நண்பரின் அம்மாவுக்கோ, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கோ நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று செய்தி வந்திருக்கிறதா? "அப்பாடா, கண்டம் தாண்டியாச்சு" என்று எல்லோரும் ஓய்ந்து உட்காரும் நேரம் இது. தயவுசெய்து இப்போது உட்கார்ந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ராத்திரி இரண்டு மணிக்கும் ஒரு நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கையில் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். படுக்கையில் திருப்பிப் படுக்கவைக்க, கழிவறைக்குக் கூட்டிப்போக, மூச்சு வாங்கினால் டாக்டரைக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். நாளை மதியம் பில்லைக் கட்டி, வீல்சேரில் வாசல்வரை வந்து காரில் ஏறியதும் அத்தனை பேர் செய்த வேலையும் ஒரே ஒருவர் தலையில் இறங்குகிறது. பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மகள். வார்டு வராந்தாவில் உட்கார்ந்தபடியே தூங்கி எழுந்து ஏற்கெனவே துவண்டுபோனவர்.

வீணாகப் பயமுறுத்தவில்லை. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டில் இருக்கும் நோயாளிகளைப் பற்றி 2009-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மறுபடியும் அட்மிட் ஆனதாகச் சொன்னது. யேல் பல்கலைக்கழக இதய மருத்துவர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013-ல் இதை எடுத்து எழுதியபோது இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் படுத்த நோய்க்காக வருவதில்லை. கீழே விழுந்து வருகிறார்கள். மருந்து மாறிப்போய் வருகிறார்கள். புதிதாகத் தொற்று பிடித்து வருகிறார்கள். தூக்கமில்லாமல், சரியாகச் சாப்பிடாமல், வலியோடு படுத்துக்கிடந்த உடம்பு எதையும் தாங்கும் நிலையில் இருப்பதில்லை. 2007-ல் வந்த மற்றொரு ஆய்வில், எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே இப்படி என்றால், அறுவைசிகிச்சை முடிந்து வரும் எழுபது வயதுக்காரர் பாத்ரூமுக்கு எழுந்து நடக்கும் முதல் ராத்திரியை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் இந்த நாட்களில் நடப்பது என்ன? முதல் ஞாயிற்றுக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். ஆப்பிள், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு சமையலறையில் நிற்பவர், ராத்திரி முழுக்கத் தூங்காத அந்த மனைவிதான். வந்தவர்கள் கிளம்பும்போது, "அண்ணி, என்ன வேணும்னாலும் கூச்சப்படாம கூப்பிடுங்க" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் கூப்பிடுவதில்லை. யாரை எந்த நேரத்தில் எதற்குக் கூப்பிடுவது என்று யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. புதன்கிழமை அந்த வீட்டில் யாருமே இல்லை. அன்பு குறைவில்லாமல் இருக்கிறது, ஆனால் மொத்தமும் ஒரே நாளில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. அதை முப்பது நாளைக்குப் பரப்பவேண்டும். இதைச் செய்யக்கூடியவர்கள் நண்பர்கள்தான்.

முறை போடுங்கள்

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே ஐந்தாறு பேர் போனிலாவது பேசிக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவர் பொறுப்பாளர். அவர் நோயாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருக்கக்கூடாது. "இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டு வரும் அத்தனை போனும் அந்தப் பொறுப்பாளருக்கே போகட்டும். சாயங்காலம் ஒரே ஒரு தகவல், எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில். யார் எப்போது வந்து பார்க்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். முதல் வாரம் ஒரு நேரத்தில் இரண்டு பேர், அதுவும் கால் மணி நேரம். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் வரக்கூடாது. இதை வீட்டார் வாயால் சொல்ல முடியாது, மனஸ்தாபம் வரும். நண்பர் சொல்லலாம்.

உதவி கேட்கும் பாரத்தை அவர்கள்மேல் வைக்காதீர்கள். "அக்கா, செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நான் வந்து படுத்துக்கறேன். நீங்க உள்ரூம்ல கதவச் சாத்திட்டுத் தூங்குங்க. காலைல ஆறு மணிக்கு எழுப்பறேன்." இப்படிக் கிழமையும் மணியும் சொல்லுங்கள். ஒருவர் வாரம் மூன்று நாள் மதியச் சாப்பாடு, ஒருவர் மெடிக்கல் ஷாப்பும் லேப் ரிப்போர்ட்டும், ஒருவர் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவது, ஒருவர் ரிவ்யூவுக்கு வண்டி. இவற்றில் ராத்திரிக் காவல்தான் பெரிய உதவி. அதற்குத்தான் ஆள் கிடைப்பதும் இல்லை. மூன்று ராத்திரி தொடர்ந்து தூங்காதவர் கையில் இன்சுலின் ஊசி இருப்பதை எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இது ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் வலி நிவாரண சிகிச்சைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்து, சில ஆண்டுகள் கழித்து மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தாரே சேர்ந்து நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வலைப்பின்னல் உருவாயிற்று. கடைக்காரர்களும் ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி வீடு வீடாகப் போனார்கள். மருத்துவம் டாக்டர் கையிலும் நர்ஸ் கையிலும் இருந்தது. துணை ஊரார் கையில் இருந்தது. அப்படி ஓர் ஊரே செய்ததை, ஒரு நண்பருக்காக ஆறு பேர் ஒரு மாதம் செய்ய முடியும்.

ஒரு நோட்டு வாங்கி நோயாளியின் தலைமாட்டில் வையுங்கள். என்ன மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தது, பிரஷர், சுகர், காய்ச்சல், சாப்பிட்டது, சிறுநீர் போனது, மலம் கழித்தது எல்லாம் அதில் ஏறவேண்டும். முறை மாறும்போது வாய்வார்த்தை போதாது. "மாத்திரை குடுத்தாச்சா?" "குடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்" என்ற பேச்சு உங்கள் காதில் விழுந்தால், அந்த வீட்டில் விபத்து வாசல்வரை வந்துவிட்டது என்று அர்த்தம்.

மாத்திரை டப்பாவைப் பாருங்கள், இன்றைக்கே

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தார். சில நாளிலேயே தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருட்டல். "ஆபரேஷன் அசதி, போகப்போகச் சரியாயிடும்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவரைப் பார்க்க வந்த பழைய மாணவர் ஒருவர் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். ஆறுதல் சொல்வதற்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். இதயத் துடிப்பைக் குறைக்கும் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது. ஒன்று ஆஸ்பத்திரி புதிதாக எழுதியது, மற்றொன்று பல வருஷமாகப் பிரஷருக்குச் சாப்பிட்டுவந்தது. ஆசிரியரின் மனைவி இரண்டையும் நேரம் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தால் மிக மெதுவாக ஓடியது. உடனே டாக்டருக்குப் போன் போனது, தப்பித்தார். அந்த மாணவர் அன்று ஆப்பிளோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுங்குகிறது.

ஆகவே முதல் நாள் முதல் வேலை இது. வீட்டில் இருக்கும் பழைய மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு, பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒப்பிடுங்கள். பழையதில் எது தொடரும், எது நிற்கும் என்று டாக்டரிடமோ ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடமோ ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இப்படிக் கேட்க ஏற்ற நேரம், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன். வீட்டுக்கு வந்தபின் அந்த டாக்டரைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: வரவேண்டிய ரிப்போர்ட் ஏதாவது பாக்கி இருக்கிறதா? கல்ச்சர், பயாப்ஸி போன்றவை வர நாளாகும். ஆள் வீட்டுக்கு வந்த பிறகு ரிப்போர்ட் வரும், அதை வாங்க யாரும் போகமாட்டார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று எழுதிய காகிதம் லேப் கவுன்டரிலேயே கிடக்கும்.

வலி என்று முனகினால், அன்பினால் நண்பர்கள் செய்யும் ஆபத்தான காரியம், தெருமுனைக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பது. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதயம் பலவீனமானவருக்கு உடம்பில் நீர் சேரவைக்கும். பாரசிட்டமால் சாதுவான மாத்திரைதான், ஆனால் அதுவும் பல பெயர்களில் வருகிறது. காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று கொடுத்தால் மூன்றிலும் அதுவே இருக்கலாம். அளவு கூடினால் கல்லீரல் போய்விடும்.

ஸ்டென்ட் வைத்தவர் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையை, "பல்லுல ரத்தம் வருது, ரெண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாம்" என்று யாரும் சொல்லக்கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு மாரடைப்பு வரலாம். சர்க்கரைக்காரர் விஷயத்தில் எச்சரிக்கை வேறு. ஆஸ்பத்திரியில் சாப்பிட்ட அளவுக்கு எழுதிக்கொடுத்த இன்சுலினை, வீட்டில் வாய் கசந்து அரை இட்லியோடு நிறுத்திக்கொண்டவருக்கும் அதே அளவில் போட்டால் சுகர் தடதடவென்று இறங்கும். வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் உடனே சுகர் பாருங்கள். நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கையில் என்ன கொண்டுபோகிறீர்கள்?

இளநீர். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது இதைவிட நல்ல பொருள் இல்லை என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். சிறுநீரகம் பழுதானவருக்கு அது விஷமாக முடியும். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. சாத்துக்குடி ஜூஸ், வாழைப்பழம் இவற்றிலும் இதே கவனம் வேண்டும். "உப்பு ஆகாதாமே" என்று சிலர் அக்கறையாக வாங்கிவரும் சோடியம் குறைந்த உப்பில், சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம்தான்.

எலும்பு முறிவு என்றால் ஆட்டுக்கால் சூப் தூக்குவாளியில் வந்துவிடும். இதயம் பலவீனமானவருக்கு அந்தச் சூப்பின் உப்பும், வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று வைக்கும் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உடம்பில் தண்ணீரைத் தேக்கிவிடும். அப்படிப்பட்டவரைத் தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால், சதை போடுகிறார் என்று சந்தோஷப்படாதீர்கள். நீர் சேர்கிறது, டாக்டருக்குச் சொல்லவேண்டும். பொறுப்பாளர் "என்ன சாப்பிடலாம், என்ன கூடாது" என்பதை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டட்டும். சமைத்துக் கொண்டுவருபவர்கள் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

படுத்திருப்பவர் வாயில் ஸ்பூனால் ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக, விழுங்கியதைப் பார்த்து அடுத்ததைக் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது சாய்ந்து உட்காரட்டும். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீரே புரையேறலாம். புரையேறி நுரையீரலுக்குள் போவது நிமோனியாவில் முடியும்.

அடுத்தது, வாசலில் ஆரத்தி எடுப்பவர்களுக்காக. நல்லபடியாக வீடு திரும்பியவருக்குத் திருஷ்டி கழிக்காமல் நம் மனசு ஆறாது, செய்யுங்கள். ஆனால் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ ஆக்சிஜன் கருவியோ ஓடுகிறது என்றால் கற்பூரம், விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் அதன் பக்கத்தில், குறைந்தது பத்தடிக்குள், வரவே கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது. பக்கத்தில் இருக்கும் நெருப்பை மூர்க்கமாக எரியவைக்கும். மூக்கில் குழாய் மாட்டியவரின் போர்வையிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் படிந்திருக்கும். முகத்தில் எண்ணெய்ப் பசையுள்ள தைலமும் தடவக்கூடாது. பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

எழுந்திருக்கச் சிரமப்படுபவரைப் பார்த்தால் அக்குளில் கைகொடுத்துத் தூக்கத்தான் நமக்குத் தோன்றும். பைபாஸ் ஆனவருக்கு நெஞ்செலும்பை அறுத்து, கம்பியால் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். கையைப் பிடித்து இழுத்தால் அது விலகக்கூடும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர்க் குடத்தை நகர்த்தவும் பைக் ஓட்டவும் விடாதீர்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர் தரையில் உட்காரக்கூடாது, சம்மணம் போடக்கூடாது, தாழ்வான ஸ்டூல் ஆகாது. வீட்டில் வெஸ்டர்ன் கமோடு இல்லையென்றால் கமோடு நாற்காலியை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாடகைக்கு எடுத்துவிடுங்கள். எப்படிப் பிடிப்பது, எப்படித் திருப்புவது என்பதை ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் முன்னால், முறை வரும் நண்பர்களில் இரண்டு பேராவது ஒருதரம் செய்து பார்க்கவேண்டும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் காரியம் இல்லை இது.

கால்மிதியை எடுத்துவிடுங்கள். பாத்ரூமுக்குப் போகும் வழியில் ராத்திரி விளக்கு எரியட்டும். பாத்ரூம் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும், உள்தாழ்ப்பாள் போடவேண்டாம் என்று பேசிவையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும், பேசினாலும் சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உள்ளே கசியும் ரத்தம் வெளியே தெரிய நேரமாகும். சிறுநீர்ப் பை மாட்டியிருந்தால் எப்போதும் அது இடுப்புக்குக் கீழேதான் தொங்கவேண்டும். வீல்சேரில் உட்காரவைத்து மடிமேல் பையை வைத்துத் தள்ளினால், வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே போய் தொற்று உண்டாகும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டு, குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் தினமும் பாருங்கள். தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது.

அப்புறம், தைலம். "கால் மரத்துக் கிடக்கு, நீவிவிடறேன்" என்று உட்காராதீர்கள். பல நாள் படுத்தவருக்கும் அறுவைசிகிச்சை ஆனவருக்கும் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாகும் ஆபத்து பல வாரங்களுக்கு இருக்கிறது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் தொடவே கூடாது. நீவினால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்தல் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்து விழுவது, பேச்சு குழறுவது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்பது. உங்கள் நோட்டு அதற்குப் பதில் சொல்லும். தையல் போட்ட இடத்தில் சீழ், சிவப்பு, சூடு, நாற்றம். கறுப்பாகத் தார்போல மலம். பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை. இவை எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுத்துப் பார்க்கும் வேலையே கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

வயதானவர் ராத்திரியில் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், இல்லாத ஒருவரைக் கூப்பிட்டால், "வயசாச்சு, புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் உள்ளே ஏதோ நடக்கிறது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மருந்தின் கோளாறு, மலச்சிக்கல்கூடக் காரணமாக இருக்கலாம். அதட்டாதீர்கள். கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது மெஷினை வையுங்கள், விளக்கைப் போட்டு, "மாமா, நான்தான், உங்க வீட்லதான் இருக்கீங்க" என்று சொல்லுங்கள். தாமதிக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். ஆளே துவண்டு கிடந்தால் அப்போதே கூட்டிப்போங்கள்.

பண விஷயத்தில் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. உதவி திரட்டுவதென்றால் வசூல் ஒருவர் கையில், கணக்கு மற்றொருவர் கையில். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், வங்கி எண் மூன்றையும் படம் எடுத்து நாலு குழுவில் போடாதீர்கள். அதே போட்டோவை வைத்து வேறு கியூஆர் கோடு ஒட்டி வசூல் செய்யும் திருடர்கள் இருக்கிறார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். வீட்டோடு பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அடையாள அட்டையைப் பார்த்து நகல் வாங்குங்கள். ஊசி போடவும் டியூப் மாற்றவும் படித்தவரா, துணைக்கு மட்டும் வந்தவரா என்று தெளிவாகக் கேளுங்கள். முதல் சில நாள் நண்பர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

கவனித்துக்கொள்ளும் அந்த அம்மாவையும் ஒரு நோயாளியாகவே நினைத்துப் பாருங்கள். அவர் தன்னுடைய பிரஷர் மாத்திரையை எப்போது சாப்பிட்டார்? யாராவது கேட்டீர்களா? பைபாஸ் ஆன ஆண்கள் பலர் காரணமில்லாமல் அழுவார்கள், எரிந்து விழுவார்கள்; அதெல்லாம் விழுவது அவர் மேல்தான். "இதுக்கெல்லாம் அழலாமா" என்று நோயாளியை அடக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் வந்தால் அந்த அம்மாவுக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அழுகை வாரக்கணக்கில் நீண்டால் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். படுக்கையில் இருப்பவர் பெண் என்றால் குளிப்பாட்ட, உடை மாற்ற யார் வந்தால் அவருக்குச் சம்மதம் என்று அவரிடமே கேளுங்கள். பேச முடியாதவராக இருந்தாலும் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். நடக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கும் பாடு பல நாட்களில் மிச்சமாகும். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104 என்ற எண் இருக்கிறது.

மூன்றாவது வாரம்தான் நண்பர்கள் மெல்ல நழுவும் வாரம். நோயாளி எழுந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார், சிரிக்கிறார், "இனிமே பார்த்துக்கலாம்" என்று எல்லோருக்கும் தோன்றும். தெம்பு வந்த நினைப்பில் அவரே தனியாக மாடிப்படி ஏறப்பார்ப்பதும், மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் வாங்காமல் கிடப்பதும் அப்போதுதான். முறைப்பட்டியலை முதல் நாளே நாலு வாரத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். நாலாவது வாரத்துக்குப் பெயர் கொடுப்பவர் உங்களில் நம்பகமானவராக இருக்கட்டும். ரிவ்யூ தேதியைப் பொறுப்பாளர் குறித்துவைத்து, முந்தின நாளே லேப் டெஸ்ட் முடித்து ரிப்போர்ட் வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள், அந்த நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவைக்கட்டும். டாக்டர் அறைக்குள் மனைவியோடு நண்பர் ஒருவரும் போகட்டும். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாத்திரை இனி வேண்டாம், எப்போது தனியாகக் குளிக்கலாம், எப்போது படி ஏறலாம் என்று கேட்டு, டாக்டர் சொல்வதை அங்கேயே நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.